தேய்பிறை வீடுகள்!

இங்கிலாந்தில் 80-வது ஆண்டைக் கண்டு அஞ்சும் குடும்பங்கள்

பணம் கொடுத்து வாங்கிய வீடு. கதவில் சொந்தப் பூட்டு. பத்திரத்தில் சொந்தப் பெயர். ஆனாலும் ஆண்டுக்கு ஆண்டு அந்த வீட்டின் ஆயுளில் ஓர் ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது!

இது விடுகதை அல்ல. இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறக்குறைய 50 லட்சம் வீடுகளின் நிலை இதுதான்.

அந்த வீடுகளை வாங்கியவர்கள் முழுச் சொந்தக்காரர்கள் அல்ல. நீண்ட காலக் குத்தகைக்காரர்கள். "லீஸ்" என்று சொல்லப்படும் இந்தக் குத்தகை பெரும்பாலும் 99 ஆண்டுக்கோ, 125 ஆண்டுக்கோ எழுதப்படுகிறது. சில இடங்களில் 999 ஆண்டு. கெடு முடிந்ததும் வீடு நிலச் சொந்தக்காரரின் கைக்குத் திரும்பிவிடும்.

மனை ஒருவருடையது, அதன் மேல் உள்ள வீடு இன்னொருவருடையது என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய செய்தி அல்ல. கோயில் அடிமனையில் வீடு கட்டித் தரை வாடகை செலுத்தும் குடும்பங்கள் இங்கேயும் உண்டு. ஆனால் இங்கிலாந்தில், நாலாவது மாடியில் இருக்கும் இரண்டு அறை வீட்டுக்கும் இதே ஏற்பாடுதான். அங்கே அடுக்குமாடி வீடு என்றாலே பெரும்பாலும் குத்தகை வீடுதான்.

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. வீடு வாங்க நினைக்கிற குடும்பம் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஓர் அடுக்குமாடி வீட்டைத்தான். ஊரில் இருக்கும் தாய் தகப்பன், "மகன் லண்டனில் வீடு வாங்கிவிட்டான்" என்று பெருமைப்படுகிறார்கள். அந்த வீட்டுக்கு இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்!

12 வயது மணப்பெண்

இந்த ஏற்பாடு எப்படி வந்தது?

1677-ம் ஆண்டில் லண்டனில் ஒரு கல்யாணம் நடந்தது. மணப்பெண்ணின் பெயர் மேரி டேவிஸ். வயது 12. மாப்பிள்ளை சர் தாமஸ் குரோவ்னர். பெண்ணோடு அவளுடைய நிலமும் அந்தக் குடும்பத்துக்கு வந்தது. அப்போது அது வயலும் சதுப்பு நிலமுமாகக் கிடந்த இடம்.

லண்டன் வளர்ந்தது. அந்த வயல்வெளிதான் மேபேர், பெல்கிரேவியா என்ற செல்வச் செழிப்பு மிக்க பகுதிகளாக மாறியது. குரோவ்னர் குடும்பத்தின் வாரிசுகள் "வெஸ்ட்மினிஸ்டர் டியூக்" என்ற பட்டமும் பெற்றார்கள்.

அவர்கள் நிலத்தை விற்றுவிடவில்லை. குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைக்கு எடுத்தவர் சொந்தச் செலவில் வீடு கட்டுவார். பல்லாண்டுகள் அனுபவிப்பார். கெடு முடிந்ததும் நிலமும் வீடும் சேர்ந்து பிரபுவின் குடும்பத்துக்கே திரும்பும். பிரபுக்களின் நிலம் தலைமுறை தலைமுறையாகக் கை மாறாமல் இருந்த ரகசியம் இதுதான்.

தொழிலாளர் வீட்டில் விழுந்த இடி

பிரபுக்கள் வாழும் பகுதியில் இந்த ஏற்பாடு ஒரு வியாபாரம். ஏழைகள் வாழும் பகுதியிலோ அது பெரும் துன்பமாக முடிந்தது.

தெற்கு வேல்சில் நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகிய காலத்தில், தொழிலாளர்களுக்காக வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 99 ஆண்டுக் குத்தகைகள் அவை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கெடு நெருங்கியது. தாத்தா காலத்தில் இருந்து குடியிருந்து, பழுது பார்த்து, வெள்ளை அடித்துக் காப்பாற்றிய வீட்டை இழக்கவேண்டிய நிலைக்குப் பல குடும்பங்கள் வந்தன.

எதிர்ப்புக் குரல் பலமாக எழுந்தது. 1967-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. தனி வீடுகளில் குடியிருக்கும் குத்தகைக்காரர்கள் நிலத்தை விலைக்கு வாங்கலாம். அல்லது குத்தகையை 50 ஆண்டு நீட்டிக்கலாம். நிலச் சொந்தக்காரர் மறுக்க முடியாது.

பெல்கிரேவியாவில் சுமார் 80 வீடுகள் இந்தச் சட்டத்தின்படி கை மாறின. டியூக் குடும்பத்தின் தர்மகர்த்தாக்கள் ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டு வரை சென்று வழக்காடினார்கள். "எங்கள் சொத்தைப் பறிக்கிறார்கள்" என்பது அவர்கள் வாதம். 1986-ல் அந்த வாதம் தோற்றது. சமூக நீதிக்காக இப்படிச் சட்டம் செய்யப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பாயிற்று.

அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் 1993 வரை காத்திருந்தார்கள். அந்த ஆண்டில்தான் அவர்களுக்கும் குத்தகையை நீட்டிக்கும் உரிமை கிடைத்தது. அப்போதைய வெஸ்ட்மினிஸ்டர் டியூக், அந்தச் சட்டத்தைக் கண்டித்து ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியை விட்டே விலகினார்!

ஒரு மிளகு வாடகை

1993-ம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை என்ன?

குத்தகையில் மீதம் இருக்கும் ஆண்டுகளோடு மேலும் 90 ஆண்டு சேரும். 70 ஆண்டு மீதம் இருந்தால் 160 ஆண்டு ஆகும். அத்துடன், ஆண்டுதோறும் கட்டிவந்த தரை வாடகை ஒழியும். அதற்குப் பதில் "ஒரு மிளகு" வாடகை!

வேடிக்கை அல்ல. சட்டத்தில் உள்ள சொல்லே அதுதான். வாடகை என்று பெயருக்கு ஏதாவது ஒன்று இருந்தால்தான் குத்தகை செல்லும் என்ற பழைய எண்ணத்தால், ஒரே ஒரு மிளகை வாடகையாக எழுதும் வழக்கம் இங்கிலாந்தில் வந்தது. அந்த மிளகையும் யாரும் வந்து கேட்பதில்லை. காசு கொடுக்க வேண்டாம் என்பதே அதன் பொருள்.

தரை வாடகை சிறு தொகைதானே என்று எண்ணிவிடக் கூடாது. 2010-க்குப் பிறகு விற்ற சில புதிய வீடுகளின் பத்திரத்தில், தரை வாடகை 10 ஆண்டுக்கு ஒரு முறை இரட்டிப்பாகும் என்று எழுதியிருந்தது. 250 பவுண்டில் தொடங்கும் வாடகை 50 ஆண்டில் 8,000 பவுண்டு ஆகிவிடும்! அப்படிப்பட்ட வீட்டை யார் வாங்குவார்கள்? விற்கவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் குடும்பங்கள் தவித்தன. இதனால் பெரும் கூச்சல் எழுந்தது. 2022 ஜூன் 30 முதல் எழுதப்படும் புதிய வீட்டுக் குத்தகைகளில் பொதுவாகத் தரை வாடகை கூடாது என்று சட்டம் வந்தது. ஆனால் பழைய குத்தகைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

80-ல் இருக்கும் கண்ணி

நீட்டிக்கும் உரிமை இனாம் அல்ல. நிலச் சொந்தக்காரருக்கு விலை கொடுக்க வேண்டும். அந்த விலையில்தான் கண்ணி இருக்கிறது.

விலையில் மூன்று பங்கு உண்டு. ஒன்று, இனிமேல் வராமல் போகும் தரை வாடகைக்கு ஈடு. இரண்டாவது, கெடு முடிவில் திரும்பி வரவேண்டிய வீடு இன்னும் 90 ஆண்டு தள்ளிப்போவதற்கு ஈடு. மூன்றாவது பங்குக்கு ஒரு விசித்திரப் பெயர்: "கல்யாண மதிப்பு"!

குறைந்த காலக் குத்தகை உள்ள வீட்டுக்கு மதிப்புக் குறைவு. குத்தகை நீண்டதும் மதிப்பு ஏறிவிடும். குத்தகையும் நில உரிமையும் கைகோத்தால் பிறக்கும் இந்த லாபம்தான் கல்யாண மதிப்பு. அதில் சரிபாதியை நிலச் சொந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி.

ஆனால் 80 ஆண்டுக்கு மேல் மீதம் இருந்தால் இந்தப் பங்கு கிடையாது. 80-க்குக் கீழே இறங்கிவிட்டால் உண்டு. கோடு ஒன்றுதான். அதன் இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் வேறு விலை.

கணக்கைப் பார்த்தால் புரியும். நீண்ட குத்தகை இருந்தால் 3 லட்சம் பவுண்டு பெறக்கூடிய வீடு என்று வைத்துக்கொண்டால் போதும். தரை வாடகை ஆண்டுக்கு 100 பவுண்டு. வழக்கமாகப் பயன்படும் 5 சதவீத வட்டிக் கழிவை வீட்டுக்கும், 7 சதவீதத்தைத் தரை வாடகைக்கும் போட்டுப் பார்க்கலாம்.

82 ஆண்டு மீதம் இருக்கும்போது நீட்டித்தால், விலை சுமார் 7,000 பவுண்டு.

60 ஆண்டுதான் மீதம் என்றால்? அந்த நிலையில் வீடு 2 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டுதான் பெறும் என்று கொண்டால், நீட்டிக்கும் விலை 38,000 பவுண்டைத் தாண்டிவிடும்!

வீடு அதே வீடுதான். சுவரும் கூரையும் அதேதான். போனது 22 ஆண்டு. கூடியது 31,000 பவுண்டு. ஒரு சராசரிக் குடும்பம் இவ்வளவு பணத்துக்கு எங்கே போகும்?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. குத்தகை குறுகிய வீட்டின் மேல் கடன் கொடுக்க வீட்டுக் கடன் நிறுவனங்கள் பலவும் தயங்குகின்றன. கடன் கிடைக்காவிட்டால் வாங்க ஆள் வராது. வாங்க ஆள் வராவிட்டால் வீடு விலை போகாது. நீட்டிக்கப் பணம் இல்லாத குடும்பம், விற்கவும் வழி இல்லாமல் அகப்பட்டுக்கொள்கிறது. பணம் உள்ளவர் சீக்கிரம் நீட்டித்துக் குறைவாகக் கொடுக்கிறார். பணம் இல்லாதவர் தாமதமாக நீட்டித்து அதிகமாகக் கொடுக்கிறார். இதுவா நியாயம்?

கெடு முழுவதும் முடிந்தால் மறுநாளே தெருவுக்கு வரவேண்டும் என்பதில்லை. அங்கேயே வாடகைக்குத் தொடர்ந்து இருக்கச் சட்டம் ஓரளவு இடம் தருகிறது. ஆனால் ஊர் வாடகையைக் கொடுக்க வேண்டும். தான் வாங்கிய வீட்டில் தானே வாடகைக்காரன்!

நோட்டீசு கொடுத்த நாள்தான் கணக்கு

நீட்டிக்கும் வழி குழப்பமானது அல்ல. ஆனால் ஒவ்வொரு படியிலும் தேதி முக்கியம்.

முதலில் பத்திரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். குத்தகை எத்தனை ஆண்டு, எந்தத் தேதியில் இருந்து என்று அதில் இருக்கும். வீடு வாங்கிய தேதி வேறு. குத்தகை தொடங்கிய தேதி வேறு. இரண்டாவது, மூன்றாவது கையாக வாங்கியவர்கள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

அடுத்து, இந்த வேலையில் பழகிய மதிப்பீட்டாளர் ஒருவரையும், வக்கீல் ஒருவரையும் பிடிக்க வேண்டும். மதிப்பீட்டாளர் விலையைக் கணக்கிடுவார். வக்கீல் நிலச் சொந்தக்காரருக்கு முறைப்படி நோட்டீசு அனுப்புவார். அதில் தர விரும்பும் தொகையைக் குறிப்பிட வேண்டும்.

நோட்டீசு கொடுத்த தேதியில் எத்தனை ஆண்டு மீதம் என்பதுதான் விலைக்கு அடிப்படை. அதன் பிறகு பேச்சுவார்த்தை எவ்வளவு இழுத்தாலும் அந்தக் கணக்கு மாறாது. 80 ஆண்டு என்ற கோட்டை நெருங்கியவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

நிலச் சொந்தக்காரர் பதில் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அவர் வேறு விலை கேட்டால் பேசிப் பார்க்கலாம். பேச்சு முறிந்தால், பதில் நோட்டீசு வந்த இரண்டு மாதத்துக்குப் பிறகு, ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மனுச் செய்ய வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டால் நோட்டீசு செத்துப்போகும். மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் புதிய குத்தகையைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும்.

சில நிலச் சொந்தக்காரர்கள், "நோட்டீசு எதற்கு? நமக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று சொல்வது உண்டு. செலவு குறையலாம். ஆனால் அங்கே சட்டத்தின் காவல் இல்லை. 90 ஆண்டு சேர்ப்பதற்குப் பதிலாக, குறைந்த ஆண்டுகளை மட்டும் சேர்த்து, பழைய காலம் முடியும் வரை தரை வாடகையையும் விடாமல் வைத்துக்கொள்ள அதில் இடம் உண்டு. கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் காட்டுவது நல்லது. இலவச ஆலோசனை தருவதற்கென்றே சர்க்கார் உதவி பெறும் லீஸ்ஹோல்டு அட்வைசரி சர்வீஸ் என்ற அமைப்பும் இருக்கிறது.

சட்டம் வந்தது, பலன் வந்ததா?

இந்தக் குறைகள் பாராளுமன்றத்துக்குத் தெரியாதவை அல்ல. 2024 மே மாதம் ஒரு பெரிய சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது.

அதன்படி, நீட்டிப்பு 90 ஆண்டுக்குப் பதில் 990 ஆண்டு! கல்யாண மதிப்பு அடியோடு ஒழியும். நிலச் சொந்தக்காரரின் வக்கீல் செலவையும் குத்தகைக்காரரே கட்டும் வழக்கம் பெரும்பாலும் போய்விடும். கேட்க இனிக்கிறது.

ஆனால் சட்டம் நிறைவேறுவது வேறு. அமலுக்கு வருவது வேறு. வீடு வாங்கி இரண்டு ஆண்டு ஆனால்தான் நீட்டிக்கலாம் என்ற பழைய விதி 2025 ஜனவரி 31-ல் நீங்கியது. நல்ல காரியம். கல்யாண மதிப்பை ஒழிக்கும் பகுதியும், 990 ஆண்டு தரும் பகுதியும் 2025-ம் ஆண்டு முடிந்த பிறகும் ஏட்டிலேயே இருந்தன.

இதற்கிடையில், பெரிய நில நிறுவனங்களும் சில தரும ஸ்தாபனங்களும் சட்டத்தை எதிர்த்து லண்டன் ஐகோர்ட்டுக்குப் போயின. 2025 அக்டோபரில் அந்த வழக்கு தள்ளுபடி ஆயிற்று.

நிலச் சொந்தக்காரர்கள் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. "அன்று இருந்த சட்டத்தை நம்பிப் பணம் போட்டோம். நடுவில் விதியை மாற்றலாமா?" என்று கேட்கிறார்கள். தருமம் செய்யும் ஸ்தாபனங்களும் இந்த வருமானத்தை நம்பியிருக்கின்றன. அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆனால் சட்டம் நிலத்தை இனாமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. தரை வாடகைக்கும், வீடு தள்ளிப்போவதற்கும் ஈடு கிடைக்கத்தான் போகிறது. வீட்டுக்காரர் தன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளும்போது பிறக்கும் லாபத்தில் பாதிதான் போகிறது. அது போவதால் தருமம் நின்றுவிடாது.

குத்தகை இல்லாமல் மாடி வீடு முடியாதா?

அடுக்குமாடி வீடுகளைக் குத்தகையாக விற்பதற்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. கூரை ஒழுகினால் எல்லாரும் சேர்ந்து செலவு செய்ய வேண்டும். இங்கிலாந்துச் சட்டப்படி, சொந்த நிலமாக விற்றுவிட்டால் அந்தக் கடமை அடுத்து வாங்குகிறவரைக் கட்டுப்படுத்தாது. குத்தகையாக இருந்தால் கட்டுப்படுத்தும்.

காரணம் உண்மைதான். ஆனால் வழியே இல்லையா? பக்கத்தில் இருக்கும் ஸ்காட்லாந்தைப் பார்க்கலாம். 1974-ல் இருந்தே அங்கே வீடுகளை 20 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடத் தடை உண்டு. அடுக்குமாடி வீடுகளைச் சொந்தமாகவே வாங்குகிறார்கள். கூரைகள் இடிந்து விழுந்துவிடவில்லை!

இங்கிலாந்திலும் 2002-ல் "காமன்ஹோல்டு" என்ற கூட்டு உரிமை முறைக்குச் சட்டம் வந்தது. வீடு அவரவருக்கு; பொது இடம் எல்லாருக்கும். 2004-ல் அமலுக்கு வந்த அந்த முறையில் முதல் பதினைந்து ஆண்டுகளில் அமைந்த கட்டிடங்கள் இருபதுகூட இல்லை. கட்டுகிற கம்பெனிக்குக் குத்தகையில் வருமானம் இருக்கும்போது, அது ஏன் வேறு வழியைத் தேடும்?

செய்ய வேண்டியது என்ன?

பிரிட்டிஷ் சர்க்கார் செய்ய வேண்டியது தெளிவு. நிறைவேற்றிய சட்டத்தை முழுவதும் அமலுக்குக் கொண்டுவர வேண்டும். அமலுக்கு வரும் தேதியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். தேதி தெரியாததால் குடும்பங்கள் இரண்டும்கெட்டான் நிலையில் தவிக்கின்றன. "புதிய சட்டம் வந்தால் விலை குறையுமே" என்று காத்திருந்தால், அதற்குள் 80 ஆண்டுக் கோடு கடந்துவிடலாம். "இப்போதே முடித்துவிடலாம்" என்றால், நாளைக்கு மலிவாகக் கிடைப்பதற்கு இன்று அதிகம் கொடுத்ததாகிவிடலாம். இந்தச் சூதாட்டத்தைக் குடும்பங்களின் தலையில் கட்டியது தாமதம்தான்.

அதுவரை வீட்டுக்காரர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டும். 80 ஆண்டுக்குச் சற்று மேலே இருக்கிறவர்கள் இன்றே ஆலோசனை கேட்பது நல்லது. ஏற்கெனவே 80-க்குக் கீழே போனவர்கள், விற்கவோ புதுக் கடன் வாங்கவோ அவசரம் இல்லாவிட்டால், காத்திருப்பதன் லாப நட்டத்தை மதிப்பீட்டாளரிடம் கேட்டு முடிவு செய்யலாம். புதிதாக வாங்குகிறவர்கள் விலையைக் கேட்கும் முன் ஆண்டைக் கேட்க வேண்டும்.

சந்திரன் தேய்ந்தால் மறுபடி வளரும். குத்தகை வீடு தானாக வளராது. கேட்டால்தான் வளரும், அதுவும் காலத்தில் கேட்க வேண்டும்.

உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய வீடு, பேரன் பேத்திக்கும் நிலைக்க வேண்டும். அதற்கு ஒரு மிளகு வாடகை போதும். அதற்கு மேல் கேட்பது அநியாயம்!